இடது பக்கம் காணவில்லை

திங்கட்கிழமை டியூட்டிக்குப் போயே தீருவது, அதுவும் சொந்த ஸ்கூட்டரில் போவது என்று மணவாளன் சபதம் எடுத்தார். ஆவடி ஃபேக்டரியில் தலை நரைத்த மனுஷன். மூளையில் ரத்தக்குழாய் அடைத்து ஆஸ்பத்திரியில் கிடந்து வந்ததிலிருந்து குவார்ட்டர்ஸ் வாசலைத் தாண்டவில்லை. 'ஆள் அவ்வளவுதான்' என்று கேன்டீனில் பேசுகிறவன் வாயை அடைக்க வேண்டும். வேறு ஆசை எதுவும் இல்லை. ஆனால் ஸ்கூட்டர் சாவியை மனைவி லோகநாயகி ஒளித்து வைத்துவிட்டாள், மகராசி.

"எனக்கு என்னடி குறைச்சல்? கை இருக்கு, கால் இருக்கு, கண்ணு இருக்கு!"

"எல்லாம் இருக்குங்க. டாக்டர் என்ன சொன்னாரு? மூளையில வலது பக்கம் அடிபட்டிருக்கு. அதனால இடது பக்கம்னு ஒண்ணு இருக்கறதே உங்களுக்குத் தெரியாதுன்னாரு. கண்ணு பாக்குதாம். மூளைதான் கேட் பாஸ் குடுக்க மாட்டேங்குதாம்."

"அவன் டாக்டரா, வாட்ச்மேனா? அது கிடக்கட்டும். தட்டுல ஒத்த இட்லி வச்சிருக்கியே, படுத்து எழுந்தவன்னா அவ்வளவு இளப்பமா?"

லோகநாயகி தட்டை அரைவட்டம் திருப்பி வைத்தாள். இன்னும் இரண்டு இட்லி வந்து நின்றன.

"இது எப்ப வச்சே?"

"அப்பவே வச்சேன்."

அவர் தட்டை ஒரு முறை முறைத்துப் பார்த்தார். மூன்றையும் விழுங்கினார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. கோயிலுக்குப் போய் வந்தவள், "அம்மன் கயிறுங்க, கண்ணை மூடிக் கும்பிட்டுக்குங்க" என்று கட்டிவிட்டாள். மணவாளனும் மனமுருகி வேண்டிக்கொண்டார். தாயே, அந்தச் சாவியை மட்டும் காட்டிக் கொடு.

சனிக்கிழமை அவள் ரேஷன் கடைக்குக் கிளம்பியதும் வேட்டை ஆரம்பித்தது. அரிசி டின், பெருங்காய டப்பா, சாமி படத்துக்குப் பின்னால், பட்டுப்புடவை மடிப்பு, ஒன்றையும் விடவில்லை. நடுவில் கதவு நிலை தோளில் இடித்தது. எவன்டா இதை இங்கே கொண்டுவந்து வைத்தது என்று நிலையைத் திட்டினார். கடைசியில் எதிர்வீட்டு பக்தவத்சலத்தைக் கூப்பிட்டார்.

"இன்னா அண்ணாத்தே, ஊடே தலைகீழா கீது?"

"சாவியக் காணோம்ப்பா. பூட்டை உடைச்சு வண்டியை ஸ்டார்ட் பண்ணிக் குடு. உனக்குத்தான் அந்த வேலை தெரியுமே."

பக்தவத்சலம் பார்வை ஓரிடத்தில் போய் நின்றது. சொல்ல வந்ததை மாற்றிச் சொன்னார்.

"வண்டி இன்னாத்துக்கு அண்ணாத்தே? நானே உன்னிய இட்டுகினு போறேன்."

"உன் பின்னாடி பொட்டலம் மாதிரி உக்காந்துகிட்டா? அதுக்கு அன்னைக்கே நான் செத்துத் தொலைஞ்சிருக்கலாம்."

பையும் கையுமாக லோகநாயகி உள்ளே வந்தாள். கலைந்து கிடந்த வீட்டைப் பார்த்தாள். கோபப்படவில்லை.

"எல்லா எடத்துலயும் தேடிட்டீங்களா?"

"ஒரு இடம் பாக்கியில்ல."

"ஒண்ணு இருக்குங்க." பக்கத்தில் வந்து எதையோ தூக்கி அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள். ஒரு கை. மணிக்கட்டில் அம்மன் கயிறு. கயிற்றில் ஸ்கூட்டர் சாவி.

மணவாளனுக்குச் சுரீரென்று கோபம் ஏறியது. "அடப்பாவி பக்தவத்சலம்! சாவியை உன் கையில கட்டிக்கிட்டா இவ்வளவு நேரம் நாடகம் ஆடினே?"

பக்தவத்சலம் தன் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினார். அவர் கண் கலங்கியிருந்தது.

"அப்ப இது யாரு கை?"

"உங்க கைதாங்க," என்றாள் லோகநாயகி.

கட்டைவிரலில் லேத் மிஷின் போட்ட பழைய தழும்பு இருந்தது. அந்தத் தழும்பை அவருக்குத் தெரியும். சொந்தக் கையையே தெரியவில்லை. ஃபேக்டரிக்குப் போகிற சேக்காடு ரோட்டில் இடது பக்கம் சைக்கிளில் வருகிற பள்ளிக்கூடப் பிள்ளை எப்படித் தெரியும்? சாவியைத் தொட்டார். எடுக்கவில்லை.

"சாவிய வேற எடத்துல ஒளிச்சு வைக்கட்டுமா?" என்று கேட்டாள்.

"வேணாம் லோகா. அங்கயே இருக்கட்டும். இந்த வீட்டுல எனக்குத் தெரியாத இடம் அது ஒண்ணுதான்."