கலைக்கூடத்தில் உங்கள் அக்கா காணாமல் போன விவரம்

அன்பும் அடக்கமும் நிறைந்த மைத்துனருக்கு, அத்தான் எழுதுவது. இங்கு நானும் உங்கள் அக்காவும் நலம். நலம் என்பதைச் சற்று விளக்க வேண்டியிருக்கிறது.

நீங்கள் சொன்னீர்களே என்று ஞாயிற்றுக்கிழமை நகரத்துக் கலைக்கூடத்துக்குப் போனோம். ஓர் அறைக்குள் நுழைந்தால் அது மூன்று அறைகளுக்கு வழி விடுகிறது. உங்கள் அக்கா ஒவ்வொரு படத்தின் முன்னாலும் வேரூன்றி நின்றாள். நான் அறைக்கு ஒரு பார்வை பார்த்து, எந்தச் சட்டம் கோணலாக மாட்டியிருக்கிறது என்று அவளுக்கு விளக்கியபடியே நடந்தேன். குதிரைப் படங்கள் இருந்த அறையில் திரும்பிப் பார்த்தால், அதுவரை தலையாட்டிக்கொண்டு வந்தது வேறு யாரோ ஓர் அம்மாள். எங்கள் செல்போன்கள் இரண்டும் உங்கள் அக்காவின் பைக்குள். பையையோ வாசலிலேயே வாங்கி அலமாரிக்குள் வைத்துவிட்டார்கள். காவலுக்கு நின்ற பெண்ணிடம் ஓடினேன்.

"என்ன கலர் புடவை?"

"நீலம்."

"நிச்சயமா?"

"நீலம் மாதிரி."

"உயரமா, குள்ளமா?"

"நல்ல உயரம்," என்றேன். வீட்டில் அவள் பேசும்போது நான் பெரும்பாலும் உட்கார்ந்திருப்பதால் அப்படித் தோன்றியிருக்கலாம்.

"கண்ணாடி போடுவாங்களா?"

இங்கே எனக்கு வியர்த்துவிட்டது. "சார், கல்யாணமாகி எத்தனை வருஷம்?" என்றாள். முப்பது தாண்டிவிட்டது என்றேன். "அப்ப சரிதான்," என்று ஒலிபெருக்கியில் அறிவிக்கச் சொன்னாள். நீலப் புடவையில் உயரமான பெண்மணிகள் இருவர் வந்து சேர்ந்தார்கள். இருவரும் என்னைப் பார்த்துவிட்டு நிம்மதியாகத் திரும்பிப் போனார்கள்.

இப்போது எழுதச் சுலபமாக இருக்கிறது. அப்போது அப்படி இல்லை. அவள் முகம் கண்ணுக்குள் நிற்கிறது, எடுத்துச் சொல்ல ஒரு வார்த்தை வரவில்லை.

கடைசியில் ஒரு கோடி அறையில், சன்னலோரம் துணி தைக்கும் பெண்ணின் படத்துக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பச்சைப் புடவை. கண்ணாடி. உயரம் என் தோள் வரைதான்.

"கூப்பிட்டது காதுல விழலயா?"

"விழுந்துச்சு. யாரோ உயரமானவங்களத்தானே தேடினாங்க. பாவம், எந்த வீட்டு அம்மாவோன்னு நெனச்சேன்."

திரும்பும் வழியெல்லாம் அவளையே பார்த்துக்கொண்டு வந்ததில் படியில் இடறி முழங்காலைச் சிராய்த்துக்கொண்டேன்.

குழந்தைகளுக்கு என் ஆசிகள். உங்கள் மனைவி இன்று என்ன நிறத்தில் உடுத்தியிருக்கிறார் என்பதை உடனே எட்டிப் பார்த்துவிடவும்.

இப்படிக்கு,
அத்தான்

பி.கு.: தம்பி, அக்கா எழுதுகிறேன். உறையை ஒட்ட அத்தான் பசை தேடுகிறார். முதல் தடவை அறிவித்தபோதே அது நான்தான் என்று தெரிந்துவிட்டது. என்னைப் பற்றி இவ்வளவு தப்பாக வேறு யார் சொல்வார்கள்? குதிரை அறையில் நானாகத்தான் நழுவினேன். அதற்குப் பிறகுதான் படம் என்று எதையாவது பார்த்தேன். மேல்மாடி இன்னும் பாக்கி இருக்கிறது. வரும் ஞாயிறு மறுபடி போகிறோம். இந்த முறை நிறத்தைக் கவனித்து வைத்துக்கொள்வார். பரவாயில்லை, வேறு நிறத்தில் ஒரு சால்வை எடுத்து வைத்திருக்கிறேன்.