ஒரே ஊரில் இரண்டு மூக்கு

“பெலாவெர்கா” என்றார் செரஃபினோ.

அதே சொல் எவாசியோவின் நாக்கு நுனியில் வந்து நின்றிருந்தது. வாயைத் திறந்து வெளியே விடுவதுதான் பாக்கி. அதற்குள் எதிர் நாற்காலிக்காரர் முந்திக்கொண்டார்.

ஒயின் கடைக்காரி ரோசால்பா, லேபிள் தெரியாதபடி பாட்டிலை மூடியிருந்த கம்பளிக் காலுறையை உருவினாள். லேபிளில் பெலாவெர்கா என்றே இருந்தது. மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் கை தட்டினார்கள். எல்லோரும் நிறுத்திய பிறகும் ஒரு ஜோடிக் கை தட்டிக்கொண்டிருந்தது. அது எவாசியோவின் மனைவி க்ளேலியாவின் கை.

“வெள்ளை மிளகு வாசனையை வச்சுக் கண்டுபிடிச்சீங்களா?” என்று அவள் கேட்டாள்.

“ஏதோ தோணுச்சும்மா” என்றார் செரஃபினோ.

இந்த அடக்கத்தைத்தான் எவாசியோவால் பொறுக்க முடியவில்லை. தம்பட்டம் அடிக்கிறவனை நாலு பேருக்குப் பிடிக்காமல் போகும். அடக்கமாக இருக்கிறவனை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

எவாசியோ, இத்தாலியின் மொன்ஃபெராட்டோ பக்கத்துக் குன்றூர் ஒன்றின் முடிதிருத்துபவர். ஆனால் ஊர் அவரை அப்படிக் கூப்பிடுவதில்லை. “மூக்கு” என்றுதான் கூப்பிடும். வியாழக்கிழமை மாலை ஆறு மணிக்கு ரோசால்பாவின் ஒயின் கடையில் கூடும் குழுவுக்குப் பதினான்கு வருடமாக அவர்தான் தலைவர். வெளியூர்க்காரன் பேர்கூடக் கேட்டிராத சிவப்பு ஒயின்கள் மட்டுமே அங்கே மேசைக்கு வரும். ஒருமுறை யாரோ ஒரு விருந்தாளி ஊருலகமெல்லாம் அறிந்த பரோலோ ஒயின் பாட்டிலோடு வந்துவிட்டார். அதை அவர் அப்படியே வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகும்படி ஆயிற்று.

தலைவரின் அடையாளம், கழுத்தில் சங்கிலியோடு தொங்கும் ஒரு சின்ன வெள்ளிக் கிண்ணம். நவம்பரில் புனித மார்த்தினோ திருநாளன்று தலைவரைத் தேர்ந்தெடுப்பார்கள். தேர்ந்தெடுப்பது என்றால், “எவாசியோதானே?” என்று ஒருவர் கேட்பார், மற்றவர்கள் பாலாடைக்கட்டியை மென்றுகொண்டே தலையாட்டுவார்கள்.

குழுவுக்கு ஒரு விதி உண்டு, எவாசியோவே போட்டது. தலைவர் முதலில் ஒரு வாய் குடித்து, பாட்டில் கெட்டுப்போகவில்லை என்று தலையசைக்க வேண்டும். ஆனால் பேசுவது கடைசியில்தான். குழுவில் புதிதாகச் சேர்ந்தவர் முதலில் வாய் திறக்க வேண்டும். தலைவர் முதலில் சொல்லிவிட்டால் மற்றவர்கள் ஆமாம் சாமி போட்டுவிடுவார்களாம். பதினான்கு வருடம் இந்த விதி தேனாக இனித்தது. ஒவ்வொருவராகத் தப்புத் தப்பாக உளறி முடித்ததும், எவாசியோ தொண்டையைக் கனைத்துக்கொண்டு சரியான பெயரைச் சொல்லுவார்.

வசந்த காலத்தில் செரஃபினோ வந்து சேர்ந்தார். பியெல்லா பக்கத்திலிருந்து வந்து இங்கே வீடு வாங்கிய ஓய்வூதியக்காரர். புதியவர் என்பதால் முதல் பேச்சு அவருடையது. அன்றிலிருந்து எவாசியோவுக்குச் சொல்ல எதுவுமே மிஞ்சவில்லை. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்ட கதைதான்.

மறுநாள் காலை கறிக்கடை துல்லியோ சவரத்துக்கு வந்து உட்கார்ந்தார். எவாசியோ நுரை தடவி, கத்தியைத் தீட்டி, அவர் தாடைக்குக் கீழே வைத்தார்.

“அந்தச் செரஃபினோ மூக்கு இருக்கே...” என்று ஆரம்பித்தார் துல்லியோ.

“பேசாம இரு. கத்தி தொண்டையில இருக்கு.”

“இருக்கட்டும்யா. உள்ளதைத்தானே சொல்றேன். இந்தத் தடவை மார்த்தினோ திருநாளுக்குக் கிண்ணம் கைமாறும்னு பேசிக்கிறாங்க.”

“யாரு பேசிக்கிறது?”

“எல்லாரும்தான். உன் பொண்டாட்டி உட்பட.”

எவாசியோ கத்தியைக் கழுவப் போகிறேன் என்று பின்கட்டுக்குப் போய், அதை நாலு தடவை கழுவினார். இந்த ஊரில் முடிவெட்ட மூன்று பேர் இருந்தார்கள், மூக்கு ஒன்றுதான் இருந்தது. அதுவும் போனால் அவர் மூன்றில் ஒருவர், அவ்வளவே. பொறாமை என்று அதற்குப் பெயர் வைக்க அவருக்கு மனம் வரவில்லை. ஆனால் பொறாமைதான்.

அன்றே உதினேயில் இருக்கும் ஒன்றுவிட்ட தம்பிக்குப் போன் போட்டார். அடுத்த வாரம் ஒரு பாட்டில் வந்து இறங்கியது. தாட்ஸெலெங்கே. நாட்டின் வடகிழக்கே ஃப்ரியூலி மூலையில் நாலைந்து பேர் மட்டும் விடாப்பிடியாகப் போடுகிற ஒயின். பெயருக்கு அர்த்தமே நாக்கறுப்பான் என்பதுதான். அவ்வளவு புளிப்பு, அவ்வளவு துவர்ப்பு. எவாசியோ அதைக் கடைத் துவாலைகளுக்கு அடியில் ஒளித்துவைத்து, வியாழக்கிழமை காலுறை மாட்டியே கொண்டுபோனார்.

மேசையில் ஒவ்வொரு முகமாகக் கோணியது. துல்லியோ ரொட்டியை எடுத்து நாக்கைத் துடைத்துக்கொண்டார். செரஃபினோ வழக்கம்போல் எவாசியோவுக்கு நேர் எதிரே உட்கார்ந்து, ஒரு வாய் குடித்துவிட்டு, எவாசியோவையே பார்த்தார். சவால் விடுகிறான் என்று எவாசியோவும் கண் கொட்டாமல் திருப்பிப் பார்த்தார். ‘முந்திரிக்கொட்டை, ஃப்ரியூலி எந்தத் திசையில இருக்குன்னு தெரியுமாடா உனக்கு? தாட்ஸெலெங்கே. எங்கே சொல்லு பார்ப்போம்’ என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டார்.

“ரொம்பத் தூரத்துலேர்ந்து வந்திருக்கு” என்றார் செரஃபினோ மெதுவாக. “ஃப்ரியூலி. தாட்ஸெலெங்கேன்னு நினைக்கிறேன்.”

இந்த முறை எழுந்து நின்று கை தட்டினார்கள்.

எவாசியோ அந்த வாரம் முழுக்க யோசித்தார். உலகத்தில் இருக்கிற ஒயினைத்தானே கண்டுபிடிப்பான்? இல்லாத ஒயினை எப்படிக் கண்டுபிடிப்பான்? புதன்கிழமை சமையல்கட்டில் புனலை வைத்து, ரோஜா வாசனை வீசும் லாக்ரிமாவைப் பாதி பாட்டில் கொட்டிவிட்டு, அந்த இடத்தில் கலாப்ரியாவின் முரட்டுக் கல்யோப்போவை ஊற்றினார். இப்படிக் கலப்பதை வேறு யாராவது செய்திருந்தால் அவரே ஊரை விட்டுத் தள்ளிவைக்கச் சொல்லியிருப்பார்.

வியாழக்கிழமை மேசையில், ‘திருட்டு மூக்கா, பாதி லாக்ரிமா, பாதி கல்யோப்போ. உன் பாட்டன் வந்தாலும் முடியாது’ என்று மனதுக்குள் கறுவிக்கொண்டார்.

செரஃபினோ கொஞ்சம் தயங்கினார். “இது வந்து... பாதி லாக்ரிமா. பாதி கல்யோப்போ. அப்படி ஒண்ணு உண்டா என்ன?”

ரோசால்பா காலுறையை உருவினாள். லாக்ரிமா பாட்டில்.

“ஆகா, செரஃபினோ சறுக்கிட்டாரு” என்றார் துல்லியோ. “கல்யோப்போவாம் கல்யோப்போ.”

பதினான்கு வருடத்தில் எவாசியோ இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. அந்தச் சந்தோஷம் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை.

“எவாசியோ” என்றாள் க்ளேலியா, பாலாடைக்கட்டியை வெட்டிக்கொண்டே. “நேத்து நம்ம சமையல்கட்டுல புனலும் கல்யோப்போ பாட்டிலும் கிடந்துச்சே. எதுக்கு?”

மேசையே அவர் பக்கம் திரும்பியது. ரோசால்பாவின் முகம் சிவந்துபோனது. லாக்ரிமா அவள் கடையில் விற்றது.

“ஒரு சோதனைதான்...” என்றார் எவாசியோ.

“நீங்களா? ஒயினைக் கலந்தது நீங்களா?” என்று ரோசால்பா கேட்டாள். “இனிமே நீங்க பாட்டில் கொண்டுவர வேண்டாம். நானே பார்த்துக்கிறேன்.”

“விடும்மா. தலைவர் விளையாட்டுக்குப் பண்ணியிருப்பாரு” என்று பரிந்து பேசியது யார் என்று நினைக்கிறீர்கள்? செரஃபினோதான். எவாசியோவுக்கு மேசைக்கு அடியில் புகுந்துகொள்ளலாம் போல இருந்தது.

இனி பாட்டில் வழியாகப் போக முடியாது. மூக்கு வழியாகத்தான் போக வேண்டும். திருநாளுக்கு முந்தின வியாழக்கிழமை மதியம் செரஃபினோவை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். பாஞ்ஞா காவ்தா. ஆளுக்கு ஒரு முழுப் பூண்டு என்று கணக்கு வைத்து, நெத்திலிக் கருவாட்டோடு எண்ணெயில் கரைய விட்டு, சட்டியை நடுவில் சூடாக வைத்து, காய்களை அதில் முக்கி முக்கிச் சாப்பிடுகிற சமாச்சாரம். சாப்பிட்டவன் மறுநாள் வரை ரோஜாத் தோட்டத்தில் நின்றாலும் பூண்டுதான் மணக்கும். எவாசியோ ஆளுக்கு மூன்று பூண்டு போட்டார்.

“நான் சும்மா பேருக்குத் தொட்டுக்கிறேன்” என்றார் விருந்தாளியிடம். “வயிறு சரியில்ல. நீங்க நல்லாச் சாப்பிடுங்க.”

“நீங்க சாப்பிடாம நான் எப்படி? மரியாதையா இருக்குமா?” என்று செரஃபினோ முட்டைக்கோஸைச் சட்டியில் முக்கினார். “அருமையா இருக்கே. பூண்டு இன்னும் கொஞ்சம் போட்டிருக்கலாம்.”

அதைக் கேட்டதும் எவாசியோவுக்கு ரோஷம் வந்துவிட்டது. அவன் ஒரு கை முக்கினால் இவர் இரண்டு கை முக்கினார். சட்டியை வழித்து முடித்தபோது எவாசியோவின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. செரஃபினோ நன்றி சொல்லிவிட்டு, தோட்டத்தில் கொஞ்சம் நடந்துவிட்டு வருகிறேன் என்று தெம்பாகக் கிளம்பினார்.

மாலை ஆறு மணிக்கு இரண்டு பேரும் கடைக்குள் நுழைந்ததும் மற்றவர்கள் நாற்காலிகளைத் தூர இழுத்துக்கொண்டார்கள். ரோசால்பா ஜன்னல்களைத் திறந்துவைத்து, காலுறை மாட்டிய பாட்டிலைச் சுற்றுக்கு விட்டாள்.

எவாசியோ முகர்ந்தார். பூண்டு. குடித்தார். பூண்டு. கோப்பையைச் சுழற்றி மறுபடியும் முகர்ந்தார். நெத்திலி. பாட்டில் கெட்டிருக்கிறதா என்றுகூடத் தெரியாமல் தலையசைத்துவைத்தார். நாக்கின் ஓரத்தில் ஏதோ ஒரு கசப்பு மட்டும் தட்டுப்பட்டது. ‘பாழாப்போனவனே, என்னையும் கெடுத்துட்டியே. ஃப்ரெய்சாவாத்தான் இருக்கும். ஃப்ரெய்சாவே இருந்து தொலையட்டும்’ என்று நினைத்துக்கொண்டார்.

“ஃப்ரெய்சா” என்றார் செரஃபினோ.

“எனக்கென்னவோ நம்ம ஊர் ரூக்கே மாதிரி இருக்கு” என்றாள் க்ளேலியா.

மற்றவர்களும் ஏதேதோ சொன்னார்கள். கடைசியில் எவாசியோவின் முறை வந்தது. வேறு பெயர் ஒன்றும் அவர் தலையில் இல்லை.

“ஃப்ரெய்சா” என்றார்.

ரோசால்பா காலுறையை உருவினாள். ரூக்கே. அந்த ஊர்க் குன்றில், அந்த ஊர்க்காரர்கள் போட்ட ஒயின். எவாசியோ பால்குடி மறந்த நாளிலிருந்து குடித்து வளர்ந்தது.



“பாவம் செரஃபினோ” என்றாள் ரோசால்பா. “அவ்வளவு பூண்டைப் போட்டா எந்த மூக்குதான் தாங்கும்?”

“அவரை விடு. அவரு வெளியூரு” என்றார் துல்லியோ. “ஏன்யா எவாசியோ, காப்பி அடிக்கிறதுன்னா சரியான விடையாப் பார்த்து அடிக்க வேணாமா?”

சிரிப்பு ஜன்னல் வழியாகத் தெருவரைக்கும் போனது. தான் யாரையும் பார்த்து அடிக்கவில்லை, தன் வாயிலிருந்ததைத்தான் அந்த மனுஷன் வாராவாரம் பிடுங்கிக்கொள்கிறான் என்று எவாசியோ சொல்ல வாயெடுத்தார். சொன்னால் இன்னும் சிரிப்பார்கள் என்று விட்டுவிட்டார். வீட்டுக்குப் போகிற வழியில் க்ளேலியா இரண்டு அடி தள்ளியே நடந்து வந்தாள்.

“பேசாம கிண்ணத்தை அவர்கிட்டயே குடுத்துடு” என்றாள். “திருநாளன்னிக்கு எல்லார் முன்னாடியும் பிடுங்குறதுக்கு, நீயே குடுத்தா கௌரவமா இருக்கும்.”

எவாசியோ நடையை எட்டிப் போட்டார். நின்றிருந்தால் அழுதிருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை காலை வெள்ளிக் கிண்ணத்தைத் துடைத்து, கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு செரஃபினோவின் வீட்டுக்குப் போனார். என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தார். ‘ஊருக்கு ஒரு மூக்கு போதும், அது உங்களுடையதாகவே இருக்கட்டும்.’ நாலாவது தடவை சொல்லிப் பார்த்தபோது கொஞ்சம் கம்பீரமாகவே இருந்தது.

கதவைத் திறந்தது செரஃபினோவின் மனைவி நீவெஸ். கையில் ஒரு கருகிப்போன வாணலி. அவளுக்குப் பின்னால் வீடு முழுக்கப் புகை.

“வாங்க, வாங்க. தலைவர்தானே? அவரு வெங்காயம் வாங்கப் போயிருக்காரு. அடுப்பைக் கொஞ்சம் பார்த்துக்குங்கன்னு சொல்லிட்டு மாடிக்குப் போனேன். பக்கத்துலயே உக்காந்து பேப்பர் படிச்சிட்டிருந்திருக்காரு, இங்க எல்லாம் கரியாப் போச்சு.”

“தெரு முனையிலயே தீயுற வாசனை வருதே. அவருக்குத் தெரியலையா?”

“எப்படிங்க தெரியும்? அவருக்கு மூக்கு செத்து எட்டு வருஷம் ஆச்சு. ரோஜாவும் ஒண்ணுதான், எருக்குழியும் ஒண்ணுதான்.”

எவாசியோ ஒரு படி மேலேறி வந்தார். கைக்குட்டைக்குள் சங்கிலி கலகலத்தது.

“அப்போ அந்தப் பெலாவெர்கா? தாட்ஸெலெங்கே? லாக்ரிமாவுல பாதின்னு சொன்னாரே, அது?”

நீவெஸ் வாணலியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

“அவரு பியெல்லா துணி மில்லுல நாப்பது வருஷம் தறிச் சத்தத்துக்கு நடுவுல, ஒருத்தர் உதட்டை ஒருத்தர் பார்த்தே பேசிப் பழகினவருங்க, வாராவாரம் வீட்டுக்கு வந்து, ‘தலைவரு ஒரு வாய் குடிச்சதும் சத்தமில்லாம உதட்டுல முதல்ல என்னைத் திட்டுறாரு, அப்புறம் ஒயின் பேரைச் சொல்றாரு, அப்பா, என்ன மூக்கு நீவெஸ் அந்த மனுஷனுக்கு’ன்னு சொல்லிச் சொல்லி மாஞ்சுபோறாரு.”