மாப்பிள்ளையின் பாம்பு குறித்துச் சம்பந்திக்கு

தச்சநல்லூர்,
புதன்கிழமை.

இராதாபுரத்தில் வசிக்கும் மதிப்பிற்குரிய சம்பந்தி இசக்கிதுரை அத்தான் அவர்களுக்கு, தச்சநல்லூர் சொரிமுத்து வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கு நானும் என் வீட்டாள் இசக்கித்தாயும் உயிரோடு இருக்கிறோம். அங்கு தாங்களும் தங்கச்சி முத்துராணியும் சுகமாகவே இருப்பீர்கள். உங்கள் வீட்டில் பாம்பு இல்லை என்பதால் எனக்கு அதில் சந்தேகம் இல்லை. போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் என்றால் தாங்கள் "சாப்டாச்சா அத்தான்?" என்பீர்கள், நான் "ஆச்சு" என்பேன், அதோடு போய்விடும். இது அப்படிப் போகிற விஷயம் இல்லை.

தங்கள் மகன் கணேஷ்ராம், அதாவது எங்கள் மாப்பிள்ளை, கம்பெனி வேலையாக ஒரு மாதம் ஜெர்மனி போயிருக்கிறார், கூட என் மகள் சுகன்யாவும் போயிருக்கிறாள் என்பது தங்களுக்குத் தெரியும். போவதற்கு முன் பெங்களூரிலிருந்து காரில் வந்து ஒரு கண்ணாடிப் பெட்டியை எங்கள் வீட்டில் இறக்கிவிட்டுப் போனார்கள் என்பது தெரியாது. உள்ளே பாம்பு. "நான் வளக்கிறதுதான் மாமா" என்றார் மாப்பிள்ளை. ஆப்பிரிக்கா ஜாதியாம், விஷம் கிடையாதாம், மூன்றரை அடி நீளம், என் மணிக்கட்டுப் பருமன். வளர்க்க அரசாங்க அனுமதி உண்டு என்று ஒரு காகிதத்தைக் கவரில் போட்டுக் கொடுத்தார்கள். நிச்சயதார்த்தத்தன்று நாலு பேர் முன்னால் நான் தங்களிடம் கேட்டேனா இல்லையா, பையனுக்குக் கெட்ட பழக்கம் ஏதும் உண்டா என்று? "டீகூடக் குடிக்க மாட்டான் அத்தான்" என்றீர்கள். டீ குடித்தால் குடித்துவிட்டுப் போகிறார்! பாம்பு வளர்ப்பாரா என்று தனியாகக் கேட்க எனக்குத் தோன்றவில்லை, தாங்களாகவும் சொல்லவில்லை. எல்லாவற்றுக்கும் மேலே அந்தப் பாம்புக்கு வைத்திருக்கிற பெயர் செக்கர். நான் அரசு பஸ்ஸில் முப்பத்தோரு வருஷம் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்தவன், ஊரே என்னைச் செக்கர் என்றுதான் சொல்லும். ஏன் இந்தப் பெயர் என்று மாப்பிள்ளையிடம் கேட்டேன். அவர் தரையைப் பார்த்தார். இதற்குமேல் ஒரு மாமனாரை எப்படி அவமானப்படுத்துவது?

நான் முகத்தைப் பார்த்தே ஆளைச் சொல்கிறவன், அத்தான். டிக்கெட் எடுக்காதவன் ஜன்னல் வழியே பார்ப்பான், தூங்குகிற மாதிரி நடிப்பான், நான் முன்படியில் ஏறினால் பைய பின்படிக்கு நகருவான். அந்தக் கண்ணோடுதான் அன்றைக்கும் கவனித்தேன். பெட்டியைச் சுமந்துகொண்டு வந்தது என் மகள். மாப்பிள்ளை கையை வீசிக்கொண்டு கேட் பக்கத்திலேயே நின்றார். பாம்பை வெளியே எடுத்துக் காட்டியதும் அவள்தான். புருஷனுக்காகப் பயத்தை விழுங்கிக்கொண்டு, துப்பட்டாவைச் சுற்றுகிற மாதிரி கையில் சுற்றிக்கொண்டாள், பாவிமகள். சிரிக்க வேறு செய்தாள். உள்ளே வந்த பிறகும் மாப்பிள்ளை அடுப்படி வாசலிலேயே நின்றார், சட்டை தெப்பமாக நனைந்திருந்தது. குற்றம் செய்தவனுக்குத்தான் அப்படி வேர்க்கும்.

போகும்போது மாப்பிள்ளை என் கையில் நாலு பக்கக் காகிதம் ஒன்றைக் கொடுத்தார். பாம்பின் உடம்பு என்ன சொல்கிறது என்று அதில் எழுதியிருக்கிறது. பந்தாகச் சுருண்டு தலையை நடுவில் ஒளித்தால் பயம். நாக்கை மெதுவாக நீட்டினால் விசாரிக்கிறது. கழுத்தைக் கொக்கி மாதிரி வளைத்துப் பின்னுக்கு இழுத்தால் கையை எடுத்துவிட வேண்டும். தலைக்கு மேலிருந்து கையைக் கொண்டுபோகக் கூடாது, பக்கவாட்டில் போக வேண்டும், முக்கியமாகத் தன்னம்பிக்கையோடு தூக்க வேண்டும், தயங்கினால் அதற்குத் தெரிந்துவிடும். வாரம் இரண்டு தடவை தூக்காவிட்டால் பழக்கம் விட்டுப்போகுமாம். முதல் வாரம் நனைந்த துண்டை முறுக்கி வைத்துப் பழகினேன். தன்னம்பிக்கைக்காகப் பழைய யூனிபாரத்தை எடுத்து மாட்டிக்கொண்டேன். இரண்டு பித்தான் பூட்டவில்லை. பெட்டியைத் திறந்து அதன் முகத்தைப் பார்த்தேன். அத்தான், அதற்கு இமையே கிடையாது. ஜன்னல் பக்கம் திரும்பவில்லை, பையைத் தடவவில்லை, என்னையே பார்த்தது. பதற்றத்தில் பழக்க தோஷமாக "டிக்கெட்" என்று கேட்டுவிட்டேன். இசக்கித்தாய் அன்றிலிருந்து என்னிடம் சரியாகப் பேசுவதில்லை.

தூக்கினேன், இல்லை என்று சொல்லவில்லை. தூக்கியதும் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு பந்தாகிவிட்டது. பயப்படுகிறது என்று தெரிந்தது. நானும் பயப்படுகிறேன் என்று அதற்குத் தெரிந்தது. கையை நீட்டியபடி முக்கால் மணி நேரம் நின்றேன். "ஏங்க, எம்புட்டு நேரம் இப்படியே நிப்பிய?" என்று கேட்டுவிட்டு இசக்கித்தாய் துணி காயப்போடப் போய்விட்டாள். வால் பக்கமிருந்து பிரிக்க வேண்டும் என்பது நாலாம் பக்கத்தில் இருக்கிறது. பக்கத்தைத் திருப்பக் கை வேண்டாமா? அந்த நேரம்தான் தாங்கள் போன் செய்து என்ன செய்கிறீர்கள் என்று கேட்டீர்கள், அவள் வந்து போனை என் காதில் வைத்தாள், நான் டிவி பார்க்கிறேன் என்று சொன்னேன். அது பொய், மன்னிக்க வேண்டும்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. வந்து இருபத்திரண்டு நாளாகிறது, இன்னும் வாயில் ஒன்றும் வைக்கவில்லை. ஐஸ் பெட்டியில் எலியை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அதைச் சுடுதண்ணியில் போட்டு எடுத்து இடுக்கியில் பிடித்து நீட்டிப் பார்த்தாயிற்று, தலையைத் திருப்பிக்கொள்கிறது. இசக்கித்தாய்க்கு அழுகை. "மாப்பிள்ள வீட்டுல இருந்து வந்தது, நம்ம வீட்டுல கை நனைக்க மாட்டேங்குதே! நாளைக்கு முத்துராணி மதினி முகத்துல எப்படி முழிப்பேன்?" என்கிறாள். கையே இல்லாததற்கு என்னத்தை நனைக்க என்று கேட்டதற்கு அந்தப் பேச்சும் நின்றுபோனது. போன வெள்ளிக்கிழமை பார்த்தால் கண் இரண்டும் பால் மாதிரி வெளுத்துவிட்டது. புரை! தலையணை உறைக்குள் விட்டு, முடிச்சுப் போட்டு, ஒயர்க்கூடையில் வைத்து மாட்டு டாக்டரிடம் கொண்டுபோனேன். வரிசையில் ஆட்டோடு நின்றவர் "அண்ணாச்சி, கூடையில என்ன?" என்று கேட்டார். சொன்னேன். ஆட்டை விட்டுவிட்டு ஓடிவிட்டார். அவர் திரும்பி வரும்வரை ஒரு கையில் ஆடும் ஒரு கையில் பாம்புமாக நான் நின்றேன். டாக்டர் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தே பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்ல அண்ணாச்சி, கொஞ்ச நாள் சும்மா விடுங்க" என்றார். அவர் முகத்தைப் பார்த்தேன். கைவிட்டுவிட்டார் என்று புரிந்துகொண்டேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் வருகிறார்கள். அதற்குள் இது செத்துப்போனால் என் மகள் புருஷனுக்கு என்ன பதில் சொல்லுவா? 'ஒங்கப்பன் ஒரு பாம்பப் பாக்கத் துப்பில்ல' என்று வாழ்நாள் பூராவும் கேட்க மாட்டாரா? தினமும் போனில் "செக்கர் நல்லா இருக்கானாப்பா?" என்று அவர் சொல்லிக்கொடுத்துக் கேட்கிறாள், நான் நல்லா சாப்பிடுதான் என்று பொய் சொல்லுதேன். எனக்குத் தூக்கம் இல்ல அத்தான். முடியல. தாங்கள் சனிக்கிழமையே வந்து இதைக் கொண்டுபோக வேண்டும். தங்கள் மகனைக் கூப்பிட்டு, 'பாம்பு வேணுமா, பொண்ணு வேணுமா, ரெண்டுல ஒண்ணு சொல்லுலே' என்று கண்டிப்பாகக் கேட்க வேண்டும். பெண்ணைப் பெற்றவன் கேட்கக் கூடாது, தாங்கள் கேட்கலாம்.

வேறு விசேஷம் இல்லை. தங்கச்சி முத்துராணியின் முட்டுவலிக்கு இசக்கித்தாய் தைலம் காய்ச்சி வைத்திருக்கிறாள். தங்கள் வீட்டில் எல்லாரும் நிறைந்த ஆயுளோடு, கடிபடாமல், நன்றாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,
தங்கள் அன்புள்ள சம்பந்தி,
ப. சொரிமுத்து.

பின்குறிப்பு: ஆதாரம் இல்லாமல் யார் மேலும் குற்றம் எழுதிப் பழக்கம் இல்லாததால், அந்த அனுமதிக் காகிதத்தை நகல் எடுத்து இணைக்கலாம் என்று கவரைப் பிரிக்காமலே முக்குச் செராக்ஸ் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்கார விஜயஸ்ரீ பிரித்துப் பார்த்துவிட்டு, "மாமா, உரிமையாளர்னு சுகன்யா அக்கா பேருல்லா போட்டிருக்கு" என்றாள். தேதியைப் பார்த்தேன். கல்யாணத்துக்கு மூன்று வருஷம் முந்தியது.

அங்கனயே நின்று ஜெர்மனிக்குப் போன் போட்டேன். சுகன்யா எடுத்தாள், காகிதத்தைப் பற்றிக் கேட்டேன். சொன்னாள்: "நீங்க ஏசுவியன்னுதான்ப்பா அவரு தம்மேல போட்டுக்கிட்டாரு. அவருக்குப் பாம்புன்னா உசிரே போயிரும். இன்னைக்கு வரைக்கும் தொட்டதில்ல. நான் வெளியூர் போனா கண்ண மூடிக்கிட்டுத் தண்ணி மட்டும் வைப்பாரு." கண் வெளுத்தால் சட்டை உரிக்கப் போகிறது என்று அர்த்தமாம், அந்தச் சமயத்தில் சாப்பிடாதாம், புது இடத்திலும் சாப்பிடாதாம், மூன்றாம் பக்கத்தில் இருக்கிறதாம், நான்தான் அந்தப் பக்கத்தைத் தாண்டிவிட்டேன். பெயரைக் கேட்டேன். "வேலைக்குப் போன புதுசுல தனியா இருந்தேன்லா. அது கண்ணச் சிமிட்டாம என்னையே பாத்துச்சு. ஒங்க ஞாபகம் வந்துச்சுப்பா" என்றாள். விஜயஸ்ரீ ஸ்டூலை எடுத்துப் போட்டாள். நான் அழுதேன், மறைக்க என்ன இருக்கிறது.

இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடலாம்தான். ஆனால் யோசித்தால், இது தாங்கள் எனக்கு எழுத வேண்டிய கடிதம். மாப்பிள்ளை என்று வரும் இடத்தில் எல்லாம் சுகன்யா என்றும், தங்களைக் குறை சொன்ன இடத்தில் எல்லாம் என் பெயரையும் போட்டு வாசித்துக்கொள்ளவும். பாம்பா பெண்ணா என்று கேட்கச் சொன்ன வரியை மட்டும் அடித்துவிடவும். அந்தக் கேள்விக்கு மாப்பிள்ளை எங்கள் அடுப்படி வாசலில் வேர்த்துக்கொண்டு நின்றே பதில் சொல்லிவிட்டார். முகத்தைப் படிக்கத் தெரிந்தவன் எவனாவது அன்றைக்கு அங்கே இருந்திருக்க வேண்டும்.