உருத்திரமூர்த்தி ஸ்பிரிங் தெரிவுசெய்கிறார்

முடிவெடுக்கப் போகிறவர் என்றொரு மனித இனம் உண்டு, வாசகரே. முடிவெடுக்காதவர் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அவருக்குக் கோபம் வரும். முடிவெடுக்கத் தெரியாதவர் வேறு. அவர் ஒரு மூலையில் பேசாமல் இருந்துவிட்டுப் போவார். இவரோ நாள் முழுக்க முடிவை நோக்கி நடந்துகொண்டே இருப்பார். வழியில் அகப்பட்டவரை மறித்து அபிப்பிராயம் கேட்பார், கேட்டதைக் கொப்பியில் எழுதுவார், எழுதியதை இன்னொருவரிடம் காட்டி அது பிழை என்று சொல்வித்து, மிகுந்த திருப்தியோடு வீட்டுக்கு வருவார். எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். ஜெர்மனியின் ஹம் நகரத்துக்கு வாய்த்தவர் பெயர் உருத்திரமூர்த்தி.

அவர் குடியிருக்கும் கட்டடத்தின் கீழ்வீட்டில் டொறத்தி என்ற ஜெர்மன் மூதாட்டி தனியாக இருந்தார். இறந்துபோன கணவரின் 1968ஆம் ஆண்டு ஓப்பல் காரை அவர் உருத்திரமூர்த்திக்கு ஏறக்குறைய சும்மாவே கொடுத்தார். ஒரேயொரு நிபந்தனை. தன் எண்பதாவது பிறந்தநாளன்று அந்தக் காரில் மோனே ஏரிக்குக் கூட்டிக்கொண்டு போகவேண்டும். கணவர் ஓட்டிய காலமெல்லாம் முன்னால் இருந்து வரைபடம் பிடித்தே அலுத்துவிட்டதாம். ஒரு நாளாவது பின் ஆசனத்தில் சும்மா இருந்து தண்ணீரைப் பார்க்க வேண்டுமாம். பிறந்தநாளுக்குப் பதினான்கு மாதம் இருந்தது. என்ஜின் முதல் திருகிலேயே பிடித்தது. பின்சில்லுகளின் குலுக்கத்தைத் தாங்கும் தகட்டு ஸ்பிரிங் ஒன்று வெடித்திருந்தது, அவ்வளவுதான்.

கராஜ் வைத்திருக்கும் சோதிலிங்கம் குனிந்து பார்த்துவிட்டு, "அண்ணை, பழையமாதிரித் தகட்டையே போடுங்கோ, ஒரு கிழமை வேலை" என்றார். உருத்திரமூர்த்திக்கு முகம் சுண்டிவிட்டது. ஒரு கிழமையில் முடிகிற வேலையா தன்னுடையது? உலகத்தில் யாரும் போடாத பின்பக்க அமைப்பைத் தன் காருக்கென்றே தனியாக வடிவமைக்கப் போவதாக அறிவித்தார். பிறகு பஞ்சாங்கம் பார்த்து, ராகுகாலம் தவிர்த்து, ஒரு நல்ல வெள்ளிக்கிழமை சில்லுக்கடியில் தேசிக்காய் வைத்துப் பின் அச்சை முழுதாகக் கழற்றி எடுத்தார். கழற்ற நாள் பார்த்த மனுசன் எதைப் பூட்டுவதென்று பார்க்கவில்லை. கார் நாலு முட்டுக்கட்டைகளில் ஏறி நின்றது.

அதற்குப் பிறகு தொடங்கியது ஆராய்ச்சி. சுருள் ஸ்பிரிங்கோடு நாலு தண்டு வைத்துக் கட்டும் முறையா, ஒவ்வொரு சில்லும் தன்பாட்டில் ஏறி இறங்கும் முறையா, பாரத்துக்கேற்ப ஊதிக்கொள்ளும் காற்றுப் பை முறையா, இல்லை மூன்றிலும் நல்லதை மட்டும் எடுத்து நாலாவதாக ஒன்றா என்று கோயில் திருவிழாவில் அன்னதான வரிசையில் நின்றவர்களைக் கேட்டார், பிள்ளை பெரியவளான சாமத்தியவீட்டில் பந்தலுக்குப் பூக் கட்டியவரைக் கேட்டார், செத்தவீட்டில் பெட்டி தூக்கக் காத்து நின்றவரையும் விடவில்லை. எல்லாரும் ஆளுக்கொன்று சொன்னார்கள். நம்மவர்களில் யார் தெரியாது என்று சொல்லுவார்கள்?

கார்ல்ஸ்ரூஹேயில் வாகனப் பொறியியல் ஆய்வு செய்யும் அஷ்வத் என்ற தமிழ்நாட்டு மாணவரின் தொலைபேசி எண்ணையும் தேடிப் பிடித்தார். ஒரு மணித்தியாலம் பொறுமையாகக் கேட்ட அஷ்வத், "அங்கிள், ஒரு வீக்கெண்டுல டிசைன் பண்ணிடலாம். ஆனா வண்டில எங்க போகப் போறீங்க?" என்று கேட்டுவிட்டார். படித்தவன் கேட்கிற கேள்வியா இது? அந்த எண் அன்றே அழிக்கப்பட்டது. டெர்மின் எடுத்து, குறித்த நேரத்துக்குப் போய் நாலு வரைபடத்தையும் விரித்தபோது, வாகனப் பரிசோதனை அதிகாரி அதில் ஏதாவது ஒன்றைச் செய்து கொண்டுவரச் சொன்னார். அந்தாளுக்கும் விஷயம் காணாது என்று தீர்ப்பாயிற்று.

பிறந்தநாள் வந்தது. டொறத்தி நீல நிறக் கோட்டு அணிந்து காலை ஒன்பது மணிக்கே வாசலில் நின்றார். உருத்திரமூர்த்தி ஐந்தாவது வரைபடத்தோடு இறங்கிப் போய், அடுத்த வருடம் கட்டாயம் என்றும், தான் போடப்போகிற அமைப்பில் குலுக்கமே தெரியாது என்றும் முக்கால் மணித்தியாலம் விளக்கினார்.

"எனக்குக் குலுங்கினால் பரவாயில்லை, மூர்த்தி" என்றார் அந்த மனுசி.

தொழில்நுட்பம் தெரியாத சனத்தோடு என்ன கதைப்பது என்று அவருக்குச் சலிப்பாக இருந்தது. வீடுவீடாகப் போய் முதியோரைப் பராமரிக்கும் வேலை பார்க்கும் அவருடைய மனைவி சந்திரா தன் கார்ச் சாவியோடு இறங்கி வந்தாள். "நீங்கள் உந்த வரைபடத்தைப் பாத்துக்கொண்டிருங்கோ. நான் அவவை என்ரை காரிலை கூட்டிக்கொண்டு போறன்" என்றாள். டொறத்தி மறுத்துவிட்டார். தன் கணவரின் காரிலேயே போகலாம், மூர்த்தி சொன்ன சொல் தவறமாட்டார், காத்திருக்கிறேன் என்றார். அந்த நம்பிக்கையைக் கேட்டாவது ஒருவருக்கு வெட்கம் வர வேண்டாமா? இவர் அதைத் தன் ஆராய்ச்சிக்குக் கிடைத்த பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

மாசியில் டொறத்தி காலமானார். மயானத்தில் சந்திரா விம்மி விம்மி அழுதாள். உருத்திரமூர்த்தியும் துக்கமாகத்தான் நின்றார். அவர் கெட்டவரல்ல, இந்த இனத்தில் கெட்டவர்களே கிடையாது. சந்திராவின் கார் அன்று கராஜில் நின்றது. திரும்பி வரும்போது பஸ்ஸில் மனைவியிடம் மெதுவாகச் சொன்னார்: "பாவம் மனுசி. இனி அவசரமில்லை, ஆறுதலாய் யோசிச்சுச் செய்யலாம்."

சந்திரா எழுந்து போய் வேறு இருக்கையில் அமர்ந்தாள். அவர் அதைக் கவனிக்கவில்லை. அவர் மனம் வேறொன்றில் சிக்கியிருந்தது. இத்தனை மாதமும் அவர் போட்ட ஸ்பிரிங் கணக்கெல்லாம் பின் ஆசனத்தில் அறுபத்திரண்டு கிலோ இருக்கும் என்று நம்பிப் போட்டது. இப்போது அந்தப் பாரம் இல்லை. ஐந்து வரைபடத்தையும் முதலில் இருந்து கீற வேண்டும். கொப்பியை எடுத்துப் புதுப் பக்கம் புரட்டியபோது, உள்ளதைச் சொன்னால், அவருக்கு உற்சாகமாகவே இருந்தது.

என்ன மனுசன் என்று தலையில் அடித்துக்கொள்கிறீர்கள். நல்லது. இதை வாசிக்கையில் உங்களுக்கும் யாரோ ஒருவர் நினைவுக்கு வந்திருப்பார். போய்ப் பார்க்கிறேன் என்று நீங்கள் சொல்லி வைத்த ஒருவர். உடனே ஒரு போன் எடுக்க வேண்டும் என்றும் தோன்றியிருக்கும். இப்போது எடுக்கலாமா, ஞாயிற்றுக்கிழமை ஆறுதலாக எடுக்கலாமா, எது நல்லது என்று யோசிக்கத் தொடங்கிவிட்டீர்கள் அல்லவா?