ஏழாம் நம்பரின் நாற்காலி

காலை பத்து மணிக்கு மேசைக்கு மேலே பாதி ஆளாகத் தெரிந்த ஏழாம் நம்பர், மதியச் சாப்பாட்டு நேரத்தில் மேசை விளிம்பில் தாடையை வைத்து எழுதிக்கொண்டிருந்தார். அவர் ஒன்றும் சுருங்கிவிடவில்லை. நாற்காலிதான் இறங்கிக்கொண்டிருந்தது. ஏற்றி வைக்கும் நெம்புகோல் போன வாரம் கையோடு வந்துவிட்டது. அதிலிருந்து உட்கார்ந்த நிமிடமே அது சத்தமில்லாமல் கீழே போக ஆரம்பிக்கும்.

அரசாங்கத்தின் தலைமைச் சட்ட அதிகாரியின் அலுவலகம் அது. எந்தத் துறைக்குச் சட்டச் சந்தேகம் வந்தாலும் இங்கேதான் எழுதிக் கேட்க வேண்டும். இங்கிருந்து போகும் கருத்துக்கு மறுபேச்சு கிடையாது. அந்தக் கருத்துகளை எழுதுகிறவர்கள் பன்னிரண்டு பேர். யாருக்கும் வேண்டியவர், வேண்டாதவர் இருக்கக் கூடாதே என்று, வரும் கேள்வியில் துறை, ஆள், பொருள் என்று எல்லாப் பெயர்களின் மேலும் வெள்ளைத் தாளை ஒட்டித்தான் கையில் கொடுப்பார்கள். எழுதுகிறவரும் கீழே பெயர் போடக் கூடாது, எண் மட்டும்தான். நம்மவர் ஏழு. பத்தொன்பது வருடத்தில் அதுவே பெயராகிவிட்டது.

அடுத்த மாதம் முதுநிலைப் பதவிக்குப் பட்டியல். இரண்டு முறை கைக்கு எட்டி வாய்க்கு எட்டாமல் போன பதவி. இந்த முறை ஏழுதான் முதலில் இருந்தார், நாலாம் நம்பர் அடுத்து. எந்தத் துறையோடும் தகராறு இருக்கக் கூடாது என்பதுதான் நிபந்தனை. நாற்காலி மாற்றித் தரும்படி தளவாடத் துறைக்கு ஒரு கடிதம் எழுதுவது தகராறாகுமா? ஆகாது என்று நினைத்து, பெயர் போட்டுக் கையெழுத்திட்டு, பணிவாகவே எழுதினார்.

மறுநாள் அவர் மேசைக்கு ஒரு கேள்வி வந்தது. ‘(வெள்ளைத் தாள்) பழுதானால், அதைத் தினமும் பயன்படுத்திய (வெள்ளைத் தாள்) பொறுப்பாவாரா?’ எவனோ ஓர் ஓட்டுநர் அரசாங்க ஜீப்பை நாசம் செய்திருக்கிறான் என்று ஏழுக்குப் பளிச்சென்று புரிந்தது. பொறுப்பாவார் என்று இரண்டு பக்கம் வெளுத்து வாங்கினார்.

நான்கு நாளில் தளவாடத் துறையின் பதில் வந்தது. நாற்காலி பழுதுக்கு அவரே பொறுப்பு என்று சட்டக் கருத்து பெறப்பட்டுள்ளதாம்.

ஏழு கடிதத்தை இரண்டு முறை படித்தார். சட்டக் கருத்து என்றால் இந்த அறையில் இருக்கும் யாரோ எழுதியதுதானே? மற்ற பதினொரு தலைகளையும் ஒரு சுற்றுப் பார்த்தார். நாலாம் நம்பர் பல்லைக் குத்திக்கொண்டிருந்தார். சந்தேகமே இல்லை, அவன்தான்.

அன்றிலிருந்து நாலோடு பேச்சு வார்த்தை நின்றது. நாற்காலியிடம் தோற்கக் கூடாது என்று, ஆறு தடித்த சட்டப் புத்தகங்களை இருக்கைக்குக் கீழே அடுக்கி முட்டுக் கொடுத்தார். தளவாட ஆய்வாளர் வந்து பார்த்துக் குறித்துக்கொண்டு போனார்.

அடுத்த கேள்வி: ஒரு (வெள்ளைத் தாள்) பழுதை மறைக்க இன்னொரு (வெள்ளைத் தாள்) பயன்படுத்தினால்? ஜீப்காரன் வேறு வண்டியின் சக்கரத்தைக் கழற்றி மாட்டியிருக்கிறான் போல. ஏற்கெனவே எரிச்சலில் இருந்தவருக்கு அவன் நன்றாக அகப்பட்டான். அது இரட்டைக் குற்றம் என்று எழுதினார். பதில் வந்தது: புத்தகங்களை அடுக்கியது இரட்டைக் குற்றம் என்று கருத்து பெறப்பட்டுள்ளது.

வீட்டிலிருந்து முக்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனார். மனைவி வாசல்வரை வந்தாள்.

"ஏங்க, உங்க ஆபீஸ்தானே அரசாங்கத்துக்கே வக்கீல். உங்களுக்கு யாரு வக்கீல்?"

அதுவும் நியாயமாகப் பட்டது. முக்காலியையும் ஆய்வாளர் வந்து குறித்துக்கொண்டு போன பிறகு, பிரிவுத் தலைவியிடம் போய்க் கேட்டார். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பொறுமையாகச் சொன்னார்.

"நாம அரசாங்கத்துக்குத்தான் வக்கீல், ஏழு. அரசாங்கத்துல வேலை பார்க்கறவங்களுக்கு இல்ல."

"அப்ப எனக்கு எதிரா எழுதினது யாருன்னாவது சொல்லுங்க மேடம்."

"அது எனக்கே தெரியக் கூடாது."

அவர் திரும்பி வந்து முக்காலியில் உட்கார்ந்தபோது மேசையில் மூன்றாவது கேள்வி காத்திருந்தது. அரசு (வெள்ளைத் தாள்) இருக்க, ஒருவர் சொந்த (வெள்ளைத் தாள்) கொண்டுவந்து பயன்படுத்தினால் அரசுப் பொருள்மேல் அவருக்கு உரிமை உண்டா? ஜீப்காரன் சொந்த வண்டியிலேயே வர ஆரம்பித்துவிட்டான். இவனைப் போன்றவர்களால்தான் நாடு உருப்படுவதில்லை என்று ஏழுக்கு நெஞ்சு கொதித்தது. உரிமை இல்லை, இவர் மீண்டும் மீண்டும் தகராறு செய்பவர் என்று பதிவேட்டில் குறிக்கலாம் என்று ஐந்து பக்கம் எழுதினார். அவர் எழுதியதிலேயே அருமையான கருத்து அது.

பட்டியலுக்கு இரண்டு நாள் இருக்கும்போது தளவாடத் துறையின் கடைசிக் கடிதம் வந்தது. முக்காலி கொண்டுவந்ததால் நாற்காலிமேல் உரிமை போயிற்று. பதிவேட்டில் ‘தகராறு செய்பவர்’ என்று குறிக்கப்படுகிறது.

அந்தக் குறிப்பு இருந்தால் பட்டியலில் ஏழுக்கு இடமில்லை. நாற்காலியும் வேண்டாம், முக்காலியும் வேண்டாம், நின்றுகொண்டே எழுதுகிறேன், குறிப்பை மட்டும் எடுத்துவிடுங்கள் என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சிவிடுவது என்று முடிவு செய்து, அரை நாள் விடுப்புப் போட்டுத் தளவாடத் துறைக்கு ஓடினார். மேலாளர் வெளியே போயிருந்தார். தபால் பிரிவில் ஓர் அம்மா மட்டும் உறைகளுக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்தார். தன்னை யாரென்று சொல்ல ஏழுக்கு வெட்கமாக இருந்தது. சட்ட அலுவலகத்திலிருந்து வருவதாகவும், நாற்காலிக் கோப்பில் கருத்து எழுதியது எத்தனையாம் நம்பர் என்று பார்க்க வேண்டும் என்றும் மட்டும் சொன்னார். நாலு என்று கேட்கக் காதைத் தீட்டிக்கொண்டார்.

அந்த அம்மாவுக்குக் கோப்பைத் தேட வேண்டியிருக்கவில்லை.

"மூணுமே ஏழாம் நம்பர்தான் சார். என்னமா எழுதறாரு! இந்தப் பதவி உயர்வை அவருக்குத்தான் குடுக்கணும்னு எங்க மேலாளர் காலையிலேயே உங்க ஆபீஸுக்கு எழுதிட்டாரு, அந்த நாற்காலிக்காரனுக்கு மட்டும் எந்தக் காலத்துலயும் குடுத்துடாதீங்கன்னு அதே கடிதத்துல கீழே ஒரு வரியும் சேர்த்திருக்காரு."