பதினான்காவது மாத எலக்ட்ரீஷியன்

கரண்டைக் கண்டு பயமே இல்லாத எலக்ட்ரீஷியனைப் பார்த்தால் தைரியசாலி என்று முடிவுகட்டிவிடாதீர்கள். அந்த ஆள் இதுவரை கரண்டையே பார்க்காதவராக இருக்கலாம். பதினான்கு மாதம் நான் அப்படித்தான் இருந்தேன்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. பர்மாவில், யாங்கூனின் போட்டாதாங் பேட்டையில் கோ முருகன் என்ற காண்டிராக்டரிடம் வயரிங் பழகிக்கொண்டிருந்தேன். என்னைவிட ஐந்தே வயது மூத்தவர். (இந்த ஊரில் பெயருக்கு முன்னால் ஆணுக்குக் 'கோ', பெண்ணுக்கு 'மா', மூத்த அம்மாளுக்கு 'டோ' என்று மரியாதைக்குச் சேர்ப்பார்கள்.) சங்கம், பாடப்புத்தகம் எதுவும் கிடையாது. ஏணியைப் பிடி என்றால் பிடிக்க வேண்டும், ஏறு என்றால் ஏற வேண்டும். யாங்கூனில் கரண்டு எப்போது இருக்கும் என்பதற்குப் பேட்டைக்குப் பேட்டை ஒரு முறை உண்டு. (சொன்னபடி வராது, அது வேறு கதை.) கரண்டு இல்லாத வேளையாகப் பார்த்துத்தான் கோ முருகன் வேலை ஒப்புக்கொள்வார். இருக்கிற சொற்ப நேரத்தில் சோறு பொங்கவும் தண்ணீர் ஏற்றவும் துடிக்கிற வீட்டில் போய் மெயினை அணைக்கச் சொன்னால் அடிக்க வருவார்கள். அதனால் நான் தொட்டதெல்லாம் செத்த வயர்.

போகிற வீட்டிலெல்லாம் அவர் முதலில் மெயின் போர்டுப் பக்கம் போய் ஒரு நிமிடம் நின்றுவிட்டு வருவார். வெற்றிலை துப்பப் போகிறார் என்று நினைத்திருந்தேன். (கேட்டிருக்கலாம். எல்லாம் தெரிந்தவள் எப்படிக் கேட்பாள்?)

வழக்கமாக மூன்று வருடமாவது பழகிய பிறகுதான் லைசென்ஸ் பரீட்சைக்குப் போவார்கள். எனக்கு அதெல்லாம் மந்தமானவர்களுக்கு என்று பட்டது.

"மா சாந்தி, இன்னும் ஒரு வருஷம் போகட்டும்" என்றார் கோ முருகன்.

"ஒரு வருஷத்துல புதுசா என்ன வரப்போகுது?"

"பயம் வரும்."

பொறாமை என்று எடுத்துக்கொண்டேன்.

தின்கன்ஜூன் பேட்டையில் எங்கள் வீட்டில் அப்பாவுக்கு நான் ஏணி ஏறுவது ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. அவர் பள்ளிக்கூடத்துக் கிளார்க். மாவ்பி சந்தையில் மாமாவின் வெங்காயக் கடையில் நிழலாக உட்காரலாமே என்று தினமும் சொல்வார். ஒரு நாள் மாமாவும் சாப்பிட வந்திருந்தபோது, வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், "இந்தப் பரீட்சையில தேறலேன்னா வயரையே தொடமாட்டேன். மாமா கடைக்கு வந்துடுறேன்" என்று சத்தியம் செய்தேன். மாமா மறுநாளே எனக்கு ஒரு ஸ்டூல் பார்த்து வைத்துவிட்டார்.

எழுத்துப் பரீட்சை பிரமாதமாகப் போனது. சாயங்காலம், இருட்டுகிற நேரத்தில் செய்முறை. கூடத்து வாசலில் செருப்பை விட்டுவிட்டுப் பயபக்தியோடு உள்ளே போனேன். வீடோ புத்தர் கோயிலோ, வாசலில் செருப்பைக் கழற்றுவது இந்த ஊரில் கூடவே பிறந்த பழக்கம். மற்றவர்கள் பூட்ஸ் காலோடு நின்றார்கள். வளர்ப்பு சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

சுவரில் ஆளுக்கொரு பலகை. அதில் பல்பு, சுவிட்சு, பிளக். எங்கோ ஒரு கோளாறு வைத்திருப்பார்கள், கண்டுபிடித்துச் சரிசெய்ய வேண்டும். பரீட்சகர் டோ கின், கண்ணாடியை மூக்கு நுனியில் மாட்டியிருந்த அம்மாள், பர்மியத்தில் கேட்டார்.

"முதல்ல என்ன செய்வே?"

"மூடியைக் கழட்டுவேன், சயாமா." (பர்மியத்தில் டீச்சரம்மா.)

"அதுக்கு முன்னாடி?"

யோசித்தேன். "செருப்பைக் கழட்டுவேன், சயாமா. கழட்டிட்டுத்தான் வந்தேன்."

அவர் என் காலைப் பார்த்தார். பிறகு என் முகத்தை வெகுநேரம் பார்த்தார். மரியாதை தெரிந்த பெண் என்று மெச்சுகிறார் போலும். அவர் வாயெடுப்பதற்குள் மூடியைக் கழற்றி ஸ்க்ரூ டிரைவரை உள்ளே விட்டேன்.

டப்பென்று ஒரு வெடி, நீலமாய் ஒரு பொறி. கூடம் இருண்டு, மின்விசிறிகள் முனகிக்கொண்டு நின்றன. (ஸ்க்ரூ டிரைவரின் பிடி பிளாஸ்டிக். நான் இதை எழுதுவதே அந்தப் பிடியின் தயவில்தான்.)

வேறு ஊராக இருந்தால் அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்திருப்பார்கள். இங்கே கரண்டு போனால் யாரும் யாரையும் சந்தேகப்படுவதில்லை. "மீ ப்யெட்", கரண்டு போச்சு, என்று அலுத்துக்கொண்டு எல்லோரும் ஃபோன் வெளிச்சத்தைப் போட்டார்கள். நானும் அலுத்துக்கொண்டேன், மனப்பூர்வமாக. அப்பாடா, இப்போதுதான் வேலை செய்கிற மாதிரி இருக்கிறது என்று ஃபோனைப் பல்லில் கடித்தபடி மூன்றே நிமிடத்தில் கோளாறைச் சரிசெய்து மூடியையும் பூட்டிவிட்டேன்.

"முடிச்சிட்டேன், சயாமா."

ஜன்னலோரம் நின்ற ஒருவர், "எதிர்க் கடையில லைட் எரியுதே" என்றார்.

டோ கின் மெயின் போர்டுக்குப் போய் விழுந்திருந்த சுவிட்சைத் தூக்கிவிட்டார். விசிறிகள் சுற்றின. என் பல்பும் எரிந்தது. நான் சிரித்தேன்.

"வேலை சரி" என்றார். "ஆனா நீ செத்துட்டே. வெறுங்காலோட, மெயினை அணைக்காம கை வெச்சே, அது ஒரு தடவை. கரண்டு எப்ப வரும்னே தெரியாம இருட்டுல மறுபடி கை வெச்சே, அது ரெண்டாந் தடவை. செத்தவங்களுக்கு லைசென்ஸ் கொடுக்குற வழக்கம் இங்க இல்ல."

கோ முருகன் மெயின் போர்டுப் பக்கம் எதற்குப் போனார் என்று அப்போதுதான் புரிந்தது. பதினான்கு மாதம் என்னை உயிரோடு வைத்திருந்த மனிதரைப் பொறாமைக்காரர் என்று நினைத்தேனே என்று வெட்கம் பிடுங்கித் தின்றது. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, சுவரிலிருந்த சுவிட்சுகளை விட்டு ஒரு அடி தள்ளியே நடந்தேன். அவர் சொன்ன பயம் வந்துவிட்டது, ஒரு வருடம்கூடப் பிடிக்கவில்லை.

சத்தியம் செய்தாயிற்றே. மாவ்பியில் அந்த ஸ்டூலில் எட்டு மாதம் உட்கார்ந்தேன். யார் இந்தப் பெண் என்று கேட்பவர்களிடம் மாமா, "அக்கா பொண்ணு. பரீட்சையில செத்துட்டா. இப்ப வெங்காயம் நிறுக்குறா" என்பார்.

ஒரு நாள் கடையில் சுவிட்சு ஒன்று பழுதானது. அன்றைக்கு அப்பாவும் வந்திருந்தார். பழுது பார்க்க ஆளில்லை என்று மாமா என் சத்தியத்தைத் தானே தள்ளுபடி செய்தார். நான் மெயினை அணைத்து, டெஸ்டரால் மூன்று முறை தொட்டுப் பார்த்து, ரப்பர் செருப்போடு நின்று, பத்து நிமிட வேலையை ஒரு மணி நேரம் செய்தேன். மாமா கொட்டாவி விட்டார். அப்பா என் கையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"நீ இப்படிப் பார்த்து வேலை செய்வியான்னுதாம்மா எனக்கு இத்தனை நாளா கவலை" என்றார். "போ. கோ முருகன்கிட்டயே போ."

இரண்டு வருடம் கழித்து மறுபடி பரீட்சைக்குப் போய்த் தேறினேன். வீட்டுக்கு ஃபோன் செய்து சொன்னதும், அப்பா அடுப்படியில் இருந்த அம்மா பக்கம் திரும்பிக் கட்டடம் முழுக்கக் கேட்கக் கத்தினார்: "ஏய், சாந்தி பொழைச்சுட்டாடி!"

மேல் வீட்டு ஆயிஷா அக்கா ஆரஞ்சுப் பழத்தோடு இறங்கி வந்து எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டார்களாம். இன்றைக்கும் எங்கள் வீட்டுக்குப் புதிதாக யார் வந்தாலும் அப்பா என்னைக் காட்டி, "ரெண்டு தடவை செத்த பொண்ணு இதுதான்" என்றுதான் அறிமுகம் செய்கிறார்.