ஓட்டிப் பார்த்துச் சொல்கிறோம்

கட்டிலின் தலைப்பக்கம் உள்ளே போய்விட்டது. கால்பக்கம்தான் வெளியே நின்றது.

விற்பனையாளன் இன்னொரு முறை தள்ளிப் பார்த்தான். பிக்கப் வண்டியின் பின்தொட்டி ஐந்தரை அடி. கட்டில் ஆறேகால் அடி. தள்ளினால் மாறுகிற கணக்கு இல்லை இது. ஆனாலும் வண்டி வாங்க வந்தவர்கள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்க முடியுமா?

"பின்கதவைத் திறந்தே வச்சுக்கலாம் ஐயா. கயிறு போட்டுக் கட்டிட்டா போதும். பண்ணிடலாம்."

எதைக் கேட்டாலும் 'பண்ணிடலாம்' என்பான். ஷோரூமில் அதுவே அவன் பெயராகிவிட்டது. "பண்ணிடலாம் எங்கப்பா போனான்?" என்றுதான் மேனேஜரும் தேடுவார். பெயர்தான் அப்படி. வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து ஒரு வண்டிகூட விற்றபாடில்லை. இந்த மாதமும் இப்படியே போனால் உதிரிபாகக் கிடங்குக்கு மாற்றிவிடுவதாக மேனேஜர் சொல்லிவிட்டார். கிடங்கில் ஜன்னல் கிடையாது. டை கட்டவும் தேவையில்லை. அவன் டை கட்டிக்கொண்டு கிளம்புவதை அம்மா தினமும் வாசல்வரை வந்து பார்ப்பாள். கிடங்குக்குப் போனால் அவளிடம் என்ன சொல்வது?

அப்படிப்பட்ட நேரத்தில் வந்து சேர்ந்தவர்கள்தான் இந்தத் தம்பதி. கணவர் ஓய்வுபெற்ற நில அளவையாளர். பழக்கம் விடாமல் இடுப்பில் ஓர் அளவு டேப்பைச் செருகிக்கொண்டே நடமாடுவார். மனைவி தையல் ஆசிரியையாக இருந்தவர். அதிர்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டார். பின்னால் படுக்கை, அடுப்போடு கூடிய ஒரு சின்ன வீட்டு வண்டியை மாட்டி இழுத்துக்கொண்டு ஊர் சுற்ற வேண்டும், மற்ற நாளில் கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் அதே வண்டியில் போக வேண்டும். அதற்கு எந்த நீளத் தொட்டி எடுப்பது? இதுதான் அவர்கள் பிரச்சினை.

அவனும் வாய் வலிக்க விளக்கினான். குட்டைத் தொட்டி என்றால் சந்துபொந்தில் திரும்பும், நிறுத்தவும் சுலபம். எட்டடி நீளத் தொட்டி என்றால் பாரம் இழுக்கும்போது ஆடாமல் அசையாமல் போகும்; ஆனால் நிறுத்த இடம் தேட வேண்டும். இரண்டுக்கும் நடுவில் ஆறரை அடி ஒன்று உண்டு.

"காகிதத்துல படிச்சா என்ன தம்பி தெரியும்? வீட்டுக்குக் கொண்டு வாங்க. ஓட்டிப் பார்த்துச் சொல்றோம்" என்றார் அளவையாளர்.

கொண்டுவந்தான். வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "கட்டில் போகுமா?"

கயிறு போட்டுக் கட்டினான். கட்டிலோடு மெத்தையும் ஏறியது. கட்டில் ஆடாமல் இருக்க இரண்டு பக்கமும் முட்டுக்கொடுக்க வேண்டும் என்று நாற்காலிகளும் ஏறின.

"என் அக்கா வீட்டுக்கு ஒரு தடவை போயிட்டு வந்துடுவோம்" என்றார் அந்த அம்மா. "வாரத்துல பாதி நாள் நாங்க அங்கதான் போவோம். அந்தத் தெருவுல திரும்புதான்னு பாத்துட்டா மனசுக்கு ஒரு நிம்மதி."

திரும்பியது. அழகாகத் திரும்பியது. குறுகலான தெரு, இரண்டு பக்கமும் சைக்கிள்கள், நடுவில் ஒரு நாய் படுத்திருந்தது. நாய் எழுந்துகொள்ளவே இல்லை. வண்டி அதைச் சுற்றிக்கொண்டு போய் வாசலில் ஒட்டி நின்றது. அவனுக்குப் பெருமை தாங்கவில்லை. ஆர்டர் படிவத்தை எடுக்கப் பைக்குள் கையை விட்டான். அதற்குள் போன் அடித்தது.

"குட்டை வண்டி எங்கப்பா?" மேனேஜர். "இங்க ஒருத்தர் அதத்தான் பாக்கணும்னு உக்காந்திருக்கார். உடனே கொண்டு வா."

"சார், பின்னால கட்டில் இருக்கு."

"யார் கட்டில்?"

விளக்க நேரமில்லை. கட்டிலைத் தெருவில் போட முடியாது. வானம் வேறு மூடிக்கொண்டு வந்தது. "அக்கா ஊர்ல இல்ல. சாவி எங்ககிட்டதான் இருக்கு" என்றார் அந்த அம்மா. முதல் மாடி. படி ஒடுக்கம். கட்டிலைச் செங்குத்தாக நிறுத்தி, முதுகில் சாய்த்து, அவன்தான் ஏற்றினான். அளவையாளர் ஒவ்வொரு திருப்பத்திலும் டேப்பைப் பிடித்து "இன்னும் ரெண்டு அங்குலம் இருக்கு, வாங்க, வாங்க" என்று தைரியம் சொன்னார்.

மேலே அறைகள் வெறிச்சென்று கிடந்தன.

"சாமானே இல்லையேம்மா."

"அக்காவுக்குச் சாமான் சேர்க்கறதே பிடிக்காது" என்றார் அவர்.

கட்டிலை நாளைக்கே பெரிய வண்டியில் திருப்பிக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவதாக அவனே வாக்குக் கொடுத்துவிட்டுப் பறந்தான். ஷோரூமில் உட்கார்ந்திருந்தவர் அதற்குள் எழுந்து போயிருந்தார்.

மறுநாள் எட்டடி வண்டியோடு வந்தான். இழுத்துப் பார்ப்பதற்காக ஷோரூமின் மூடிய ட்ரெய்லரையும் கொக்கியில் மாட்டிக்கொண்டு வந்திருந்தான். அளவையாளர் ட்ரெய்லரைச் சுற்றிவந்து கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். முகம் சுருங்கியது.

"காலியா இருக்கே தம்பி."

"ஆமாங்க ஐயா."

"காலி ட்ரெய்லர இழுத்தா என்ன தெரியும்? நாளைக்கு நாங்க வீட்டு வண்டிய மாட்டுனா அதுல அடுப்பு, பீரோ எல்லாம் இருக்கும்ல?"

நியாயமாகத்தான் பட்டது. எடை ஏற்றாமல் இழுத்துக் காட்டுவது வாடிக்கையாளரை ஏமாற்றுகிற வேலை. அவன் ஏமாற்றுகிறவன் இல்லை. குளிர்சாதனப் பெட்டி ஏறியது. துணி துவைக்கிற இயந்திரம் ஏறியது. தையல் இயந்திரம், சாப்பாட்டு மேசை, கண்ணாடி பதித்த பீரோ எல்லாம் ஏறின. புத்தகங்களையும் பாத்திரங்களையும் அந்த அம்மா முன்கூட்டியே அட்டைப்பெட்டிகளில் போட்டு, கயிறு கட்டி, ஒவ்வொன்றின் மேலும் என்ன இருக்கிறது என்று எழுதியும் வைத்திருந்தார்.

"உங்களுக்குச் சிரமம் இருக்கக் கூடாதுன்னுதான்" என்றார். அவன் நெகிழ்ந்துபோனான். இப்படி ஒரு வாடிக்கையாளர் யாருக்குக் கிடைப்பார்?

பெரிய சாலையில் வண்டி தேர் மாதிரி போனது. இத்தனை பாரம் பின்னால் வருகிற உணர்வே இல்லை. பக்கத்து இருக்கையில் அளவையாளர் தண்ணீர் நிரம்பிய டம்ளரைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். ஒரு சொட்டு சிந்தவில்லை.

"இழுவைக்கு இதான் தம்பி" என்றார்.

"எழுதிடலாங்களா ஐயா?"

"அக்கா தெருவுல திரும்பட்டும்."

திரும்பவில்லை. வண்டி தெருவுக்குள் பாதி போனது, ட்ரெய்லர் பெரிய சாலையில் பாதி நின்றது, இரண்டுக்கும் நடுவில் மூலைக் கம்பம் மாட்டிக்கொண்டது. முன்னால் போனால் கம்பம் உரசியது, பின்னால் வந்தால் சுவர் உரசியது. பின்னால் ஒரு பஸ் வந்து நின்று ஹாரன் அடித்தது. அதன் பின்னால் இன்னொன்று. பஸ்ஸிலிருந்து இறங்கிய ஆறேழு பேர் ஆளுக்கொரு திசையில் கைகாட்டி, "ஒடி, ஒடி" என்றார்கள். நேற்று எழாத நாய் இன்று எழுந்து வந்து வேடிக்கை பார்த்தது.

"ட்ரெய்லரக் கழட்டிக் கையால தள்ளிடலாம்" என்றான் அவன்.

"பாரத்தோட நகராதே தம்பி."

"இறக்கிட்டுத் தள்ளலாம் ஐயா. பண்ணிடலாம்."

பண்ணினான். பஸ்ஸிலிருந்து இறங்கியவர்களும் கைகொடுத்தார்கள். அவர்களுக்கும் வேலைக்குப் போக வேண்டுமே. எல்லாம் மாடிக்குப் போயின. நடைபாதையில் வைத்தால் யாராவது தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று அந்த அம்மா பயந்தார். கடைசிப் பெட்டியை வைத்துவிட்டுக் கீழே வந்தபோது அவன் டை முதுகுப்பக்கம் தொங்கியது. கொண்டுவந்ததைத் திரும்ப இறக்கித் திரும்ப ஏற்றுகிற தெம்பு அவனுக்கு இல்லை. அதைச் சொல்லவும் கூச்சமாக இருந்தது.

"பரவாயில்லை தம்பி, இங்கயே இருக்கட்டும்" என்று அவர்களே சொன்னார்கள். என்ன பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டான்.

ஷோரூமில் மேனேஜர், ஒரு பக்கக் கண்ணாடி மடங்கித் தொங்கிக்கொண்டிருந்த எட்டடி வண்டியைச் சுற்றிச்சுற்றி வந்தார்.

"என்னப்பா இது?"

"சார், இழுவைக்கு அவங்களுக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. திரும்பறதுதான் கொஞ்சம்..."

"அவங்க வாங்குவாங்களா மாட்டாங்களா?"

"நடு நீளத்த மட்டும் காட்டிட்டா வாங்கிடுவாங்க சார்."

மேனேஜர் யோசித்தார். அவருக்கும் மேலிடத்தில் கணக்குச் சொல்ல வேண்டியிருந்தது. "உனக்கு முடிக்கத் தெரியல. நாளைக்கு நானே வர்றேன். நீ வாயத் திறக்காத."

மூன்றாவது நாள் ஆறரை அடி வண்டியில் இருவரும் போனார்கள். மேனேஜர் சலவை மடிப்புக் கலையாத சட்டையில் வந்திருந்தார். வீட்டுக்குள் நுழைந்ததும் சுற்றிப் பார்த்தார். சுவரில் ஆணிகள் மட்டும் இருந்தன.

"வீடு நல்லா விசாலமா வச்சிருக்கீங்க" என்றார், பேச்சைத் தொடங்குகிற விதமாக.

"எல்லாம் உங்க தம்பியோட உபயம்" என்றார் அளவையாளர்.

"இன்னிக்கு நம்ம ஒரு முடிவுக்கு வந்துடுவோம் சார். என்ன சந்தேகம் இருந்தாலும் கேளுங்க."

"பெருசா ஒண்ணும் இல்ல. பூந்தொட்டி நின்னபடியே போகுமா, சாயுமா?"

"பின்ன, போகாம?" என்றார் மேனேஜர். வாய் சொல்லிவிட்டது, கை செய்துதானே ஆக வேண்டும். பூந்தொட்டிகள் பதினைந்தோ பதினாறோ இருந்தன. பிறகு திரைச்சீலைக் கம்பிகள் குறுக்காகப் படுக்குமா என்று பார்த்தார்கள். பிறகு கழற்றி வைத்திருந்த சுவர்க்கடிகாரம் குலுங்கினால் நிற்குமா என்று பார்த்தார்கள். கடைசியாக அந்த அம்மா ஒரு கூடையைக் கொண்டுவந்தார். உள்ளிருந்து ஒரு பூனை மேனேஜரைப் பார்த்துச் சீறியது.

"தினசரி ஓட்டம்னா இவளையும் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறதுதான். பின்சீட்டு இவளுக்கு ஒத்துக்குதான்னு தெரியணும்" என்றார்.

"பண்ணிடலாம்மா" என்றார் மேனேஜர். விற்பனையாளன் திரும்பி அவரைப் பார்த்தான். அவர் பார்வையைத் தவிர்த்தார்.

ஆறரை அடி வண்டி பெரிய சாலையில் நிதானமாகப் போனது. மூலைக் கம்பத்தருகே அவன் மூச்சை அடக்கிக்கொண்டு ஸ்டியரிங்கை ஒடித்தான். ஒரே திருப்பில் உள்ளே போய்விட்டது. பூந்தொட்டி ஒன்றும் சாயவில்லை. கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. பூனை தூங்கியே விட்டது.

வாசலில் இறங்கிய அளவையாளர் டேப்பை எடுத்துப் பின்தொட்டியை ஒரு முறை அளந்தார். பிறகு டேப்பை உள்ளே சுருளவிட்டு, அவன் தோளில் கையை வைத்தார்.

"இதுதான் தம்பி. சந்தேகமே இல்ல. இழுவைக்கும் இது, தினசரிக்கும் இது."

அவனுக்குக் கண் கலங்கியது. மூன்று நாளாக முதுகில் சுமந்தது எல்லாம் அந்த ஒரு வாக்கியத்தில் இறங்கிப்போன மாதிரி இருந்தது. விற்றுவிட்டோம் என்பதைவிட, இவர்களுக்குச் சரியான நீளம் எது என்று கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டோம் என்பதுதான் அவனுக்குப் பெரிதாகப் பட்டது. மேனேஜரும் சந்தோஷத்தில் தாமாகவே இரண்டு பூந்தொட்டிகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மாடிக்கு ஏறினார். வெயிலில் வாடிவிடும் என்று அந்த அம்மா கவலைப்பட்டிருந்தார். கொண்டுவந்ததுதான் கொண்டுவந்தோம் என்று திரைச்சீலைக் கம்பிகளையும் மேனேஜரே மாட்டிக் கொடுத்தார். கடிகாரத்துக்கு ஆணி அடித்தது விற்பனையாளன்.

"எல்லாத்தையும் திருப்பி உங்க வீட்டுக்குக் கொண்டுபோகணுமேம்மா" என்று அவன் நினைவூட்டினான்.

"ரெண்டு பேரும் களைச்சுப் போயிட்டீங்க. அத அப்புறம் பாத்துக்கலாம்" என்று அந்த அம்மா ஆளுக்கொரு டம்ளர் பழச்சாறு கொடுத்தார்.

மேனேஜர் படிவத்தை நீட்டினார். அளவையாளர் அதை வாங்கிப் படித்து, நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"நிறம் மட்டும் இவ யோசிக்கணும்கறா. சாவகாசமாச் சொல்றோம்."

நீளமே முடிவாகிவிட்டது, நிறம் என்ன பெரிய நிறம். இருவரும் படியிறங்கினார்கள். மேனேஜரின் சட்டையில் மண்ணும் பூனை முடியும் ஒட்டியிருந்தன. வாழ்க்கையில் முதல்முறையாக அவர் அவனைத் தட்டிக்கொடுத்தார்.

"பாத்தியா? வியாபாரத்துல முக்கியம் பொறுமை. கிடங்கப் பத்தி நீ மறந்துடு."

கீழ்வீட்டு வாசலில் ஓர் அம்மா அவர்களுக்காகவே காத்திருந்தவர்போல நின்றுகொண்டிருந்தார். வண்டியை ஒரு முறை பார்த்தார், இவர்களை ஒரு முறை பார்த்தார்.

"மேல புதுசா குடிவந்தவங்க சாமானெல்லாம் மூணு நாளா ஒரு கீறல் விழாம ஏத்திக் குடுத்திருக்கீங்க தம்பி" என்றார். "நாங்களும் அடுத்த வாரம் வீடு காலி பண்றோம், உங்க நம்பரக் குடுத்துட்டுப் போங்க, எங்களுக்கு வண்டி எந்த நீளமா இருந்தாலும் பரவாயில்லை."